கிரீடம் தங்கிய வீடு

சாவி என்னிடம்தான் இருந்தது.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
பங்குச்சாமி ஹெர்குலானு தலையசைக்க, பூட்டினேன்.
யாரையோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட உறுத்தல்.
வைத்துத்தான் பூட்டினேன்:
பேழைக்குள், அணையா விளக்கின் பக்கத்தில்.

கோயில்பிள்ளை வேலைக்கு விடுமுறை கிடையாது.
காலை ஏழுக்குப் பக்கக் கதவால் நுழைவேன்.
விளக்குக்கு எண்ணெய், கடிகாரத்துக்கு முடுக்கு.
தீர்த்தத் தொட்டி வற்றி
அடியில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
அதில் ஓர் அந்துப்பூச்சி,
சிலுவை போட வந்து விரல் தேடியதுபோல.

சாமி பூசை வைப்பார்.
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பார்
ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்து.
"உம்மோடும் இருப்பாராக" என்று நான் ஒருத்தி சொல்லும்போது
பங்கு முழுவதும் என் தொண்டைக்குள் நெருக்கியடித்து
இருமல் வரும்.
அந்த வருஷம் இருமக் கூடாது.
விழுங்கிக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது கிரீடத்தைப் பற்றி.

எங்கள் அசோர்ஸ் தீவுகளில் தூய ஆவிக்கு வெள்ளிக் கிரீடம் உண்டு,
உச்சியில் கட்டைவிரல் அளவில் ஒரு புறா.
உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி
வாரத்துக்கொரு வீடாகப் போய்த் தங்கும்,
சீட்டில் பெயர் விழுந்தவர் வீட்டில்.
முதல் சீட்டு அதெலீனுவுக்கு விழுந்திருந்தது.
பத்தொன்பது மாடு, இருமும் டிராக்டர்,
பதினோரு வருஷமாய்ப் பாவசங்கீர்த்தனம் இல்லை.
அவனைக் கேளாமலே பெயரை எழுதிப் போட்டது
மனைவி சுல்மீரா.
பிப்ரவரியில் அவளைப் புதைத்தோம்.
கோயிலில் கடைசியாய்க் கூட்டம் கூடியது அதற்குத்தான்.

கிரீடத்தைத் துணியில் பொதிந்து
அவன் கல்வேலிமேல் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றேன்.
"ஒரு வாரம்தானே" என்றான்.
வெள்ளிக்கிழமை ஆயரின் கடிதம் வந்தது:
ஊர்வலம் கூடாது, வீடு மாற்றவும் கூடாது,
இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் வாரம் போன் செய்தான்:
"இதன் முன்னால் என்ன சொல்லணும்?"
செபமாலை.
"பாதிதான் ஞாபகம்."
பாதியைச் சொல்.

மூன்றாம் வாரம், மெழுகுவர்த்தி தீர்ந்தது.
ஐந்தாம் வாரம், நள்ளிரவு:
"மாடு கன்று போடுகிறது, தொழுவத்துக்குப் போகணும்.
வீட்டில் தனியாக விட்டுப் போகலாமா?"
சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.
கேட்டது கிரீடத்தைப் பற்றித்தானா என்று
போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பெந்தகோஸ்து அன்று விருந்தில்லை.
சூப்பு அண்டாக்கள் கவிழ்ந்தே கிடந்தன.
விடிந்து பார்த்தால்
நாற்பத்துமூன்று வாசலிலும் தீவனச் சாக்குத் துண்டில்
ஆளுக்கொரு ரொட்டி.
சுல்மீராவின் கையெழுத்தைப் பார்த்து அவனே சுட்டது.
அடி கருகி, நடு வேகாமல்,
சர்க்கரைக்குப் பதில் உப்போ என்னவோ.
யாரும் குறை சொல்லவில்லை என்று எழுத ஆசைதான்.
ஒலிம்பியா சொன்னாள், எனக்கு போன் போட்டே சொன்னாள்,
வாயில் ரொட்டியோடு.

ஜூனில் கதவைத் திறந்தோம்.
முகமூடிகள், இருக்கைக்கு இருவர்,
தரையில் மஞ்சள் நாடாக் கோடுகள்.
அதெலீனு கிரீடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
படிவரை வந்தான்.
"உள்ளே வா" என்றார் சாமி.
"கறக்க நேரமாச்சு."
பிறகு என் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தி,
"மாட்டுச் சத்தம் கேட்டே பழகிவிட்டது இதுக்கு.
ராத்திரி கதவைக் கொஞ்சம் திறந்து வை."

துடைக்க எடுத்தேன்.
புறாவின் இறக்கையில் காய்ந்த பால், ஒரு பொட்டு.
துணியை மடித்து வைத்துவிட்டேன்.

கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன்.
எரிமலைக் கல். இங்கே வேறு கல் கிடையாது.